காளியம்மன் கோயில் சிவப்புப் பட்டை

பங்குனிப் பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கையில், செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, உப்போடைப்பட்டி காளியம்மன் கோயில் முடுக்கில் மினிபஸ் டிரைவர் மாரிக்கண்ணனுக்குத் தலை பற்றிக்கொண்டது. பன்னிரண்டு வினாடி எரிந்துவிட்டுத் தானாக அணைந்தது. ஒரு முடி கருகவில்லை. நெற்றித் திருநீறுகூடக் கலையவில்லை. எதிரே வந்த பால்காரருக்கு வழி விடக் கோயில் மதிலோடு ஒட்டி ஒதுங்கியிருக்கிறார், பின்னந்தலை சுவரில் உரசியிருக்கிறது, அவ்வளவுதான். சர்ரென்று ஒரு சத்தம், ஒரு சாண் உயரத்துக்கு மஞ்சள் சுடர். அந்தச் சுடருக்குக் கீழே அவர் வாய் தானாகத் திறந்து, பஸ்ஸுக்குப் போவதற்காக முடுக்கில் வரிசையாக வந்துகொண்டிருந்த பதினேழு பேருக்கும் கேட்கும்படி, "எனக்கு எடது கண்ணு தெரியாது. மூணு வருசமாத் தெரியாது" என்றது. சொல்லி முடித்ததும் சுடர் போய்விட்டது. மூன்று வருடமாக அந்தக் கண்ணை நம்பி அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் போய்வந்த பதினேழு பேரில் பதினாறு பேர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். தலை எரிந்தது பெரிய அதிர்ச்சியா, கண் தெரியாதது பெரிய அதிர்ச்சியா என்று அவர்களுக்குள் இன்றைக்கும் பேச்சு நடக்கிறது. அன்றைய பத்தரை மணி பஸ் மட்டும் போகவில்லை.

மாரிக்கண்ணனுக்கு நேர் பின்னால் வந்தவள் தங்கலட்சுமி. அவள் தரையில் உட்காரவில்லை. மூக்கைத்தான் முதலில் தூக்கினாள். தீக்குச்சி அணைந்த வாசம். பிறகு சுவரைப் பார்த்தாள். மதிலில் காவியும் வெள்ளையுமாகப் புதிதாகப் பட்டை அடித்திருந்தார்கள். வெள்ளை சரி, சுண்ணாம்பு. சிவப்பு சரியில்லை. காவி என்றால் சுட்ட செங்கல்லின் நிறம் வேண்டும். இது ஆட்டு ஈரலின் நிறம். பத்தொன்பது வருடம் தினமும் காலை எட்டு முதல் சாயங்காலம் ஐந்துவரை அந்த நிறத்தின் முகத்தில்தான் அவள் விழித்திருக்கிறாள். தோள் சுவருக்கு இரண்டு விரல் தள்ளி இருந்தது. சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கையிரண்டையும் மார்போடு சேர்த்து, பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து முடுக்கைவிட்டு வெளியே வந்தாள். "இது காவி இல்ல. யாரும் சொவர ஒரசாதிய" என்று கத்தினாள். அறுபதடி நீளத்துக்கு ஊர் தீப்பெட்டியின் பக்கவாட்டை அடித்து வைத்திருக்கிறது என்பதை நம்ப அவளுக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

நடந்தது இதுதான். பாலவநத்தம் ரோட்டில் முன்பு ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. இந்தப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். கையில் மருந்து அப்பிக்கொண்டு போகிறவர்களும் ஆபீசுக்குப் போவதாகத்தான் சொல்வார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் அது மூடிவிட்டது. போன மாசியில் அதன் கதவு, ஜன்னல்களைப் பெயர்த்தபோது, ஒரு மூலையில் மணலுக்குள் புதைத்திருந்த டின் ஒன்று கிடைத்தது. மூடியில் மெழுகு வைத்து அடைத்திருந்தது, பேர் எழுதிய சீட்டு மக்கிப் போயிருந்தது. கோயில் கமிட்டித் தலைவர் சங்கையா திறந்து பார்த்தார். நல்ல கருஞ்சிவப்புப் பொடி. அவர் கண்ணுக்குச் சிவப்புப் பொடி என்றால் காவிதான். அம்மனே கொடுத்தாள் என்று தலையில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். அதோடு விட்டாரா? ஒவ்வொரு வருடமும் முடுக்கில் நடக்கிறவர்கள் வேட்டியில் காவி ஒட்டுகிறது என்று சண்டை வருமே, அதற்காக இந்த வருடம் வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி ஊற்றிக் கலந்தார். பிடிப்புக்குக் கொஞ்சம் சலித்த மணலும் போட்டார். தீப்பெட்டிப் பக்கத்துக்கு மருந்து கலக்கிறவர்கள் ஏறக்குறைய இதையேதான் செய்வார்கள். சங்கையாவுக்கு அது தெரியாது. எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்வார் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயருக்கு இங்கேயும் குறை வரவில்லை.

அந்தப் பொடி சிவப்பு பாஸ்பரஸ். ஆபீசில் அது இருந்த இடத்துக்குச் சிவப்பு ரூம் என்று பெயர், அதற்குச் சூப்பர்வைசர் தங்கலட்சுமி. நாற்பதடி தள்ளி வெள்ளை ரூம். அங்கேதான் குச்சித் தலைக்கான மருந்தைக் கலக்குவார்கள். குச்சித் தலையும் பெட்டிப் பக்கமும் தனித்தனியாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. மொத்தத் தொழிலும் அந்த ஒரு பிரிவில்தான் நிற்கிறது. சிவப்பு ரூமில் வேலை செய்கிறவர் வெள்ளை ரூமுக்குள் போகக் கூடாது, அவர்கள் துணியை இவர்கள் தொடக் கூடாது, அவர்கள் விளக்குமாறு இங்கே வரக் கூடாது. மரக்கரண்டியால்தான் அள்ள வேண்டும், இரும்பு ஆகாது. டின்னை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். கையில் வளையல் கூடாது. கீழே சிந்தினால் ஈர மணலைப் போட்டு ஈரத் துணியால்தான் ஒற்றி எடுக்க வேண்டும், காய்ந்த விளக்குமாற்றால் கூட்டவே கூடாது. டின் கொண்டுவருகிற கம்பெனி ஆள் சௌந்தர் ஒரு தடவை சொன்னார், இதே பொடி பட்டாளத்துப் புகைக்குண்டுக்கும் போகிறது, பிள்ளைகள் சுடுகிற துப்பாக்கிப் பொட்டுக்கும் போகிறது, தீப்பிடிக்காமல் இருப்பதற்காகச் சுவிட்ச் செய்கிற பிளாஸ்டிக்குக்குள்ளும் போகிறது என்று. "தீயக் குடுக்கிறதும் இதுதான், தீயத் தடுக்கிறதும் இதுதாங்க்கா" என்றார். மாரிக்கண்ணனின் முடி ஏன் கருகவில்லை என்று கமிட்டியில் கேட்டபோது தங்கலட்சுமி இதைத்தான் சொன்னாள். வேறு காரணம் யாரும் சொல்லாததால் ஊர் அதையே வைத்துக்கொண்டது.

கமிட்டி அவள் சொன்னபடி செய்தது. முடுக்கின் இரண்டு முனையிலும் கயிறு கட்டினார்கள். மதில் நெடுகிலும் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார்கள். ஆனால் பங்குனி வெயிலில் சாக்கு அரைமணி நேரத்தில் அப்பளமாகிவிடும், கயிற்றை ஆடு தின்றுவிடும், ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் அந்த முடுக்கைவிட்டால் அரை மைல் சுற்று. ஆகவே புதன்கிழமைக்குள் இன்னும் ஐந்து பேர் பற்றினார்கள். அருப்புக்கோட்டையில் தறி போட்டிருக்கும் ஜோதிலிங்கம் திருவிழாவுக்கு வந்தவர், பற்றிக்கொண்டு, ஓடிப்போன தன் தம்பி திருப்பூரில் இருப்பது ஆறு வருடமாகத் தனக்குத் தெரியும், பெற்ற தாயிடம்தான் சொல்லவில்லை என்றார். அந்தத் தாய் பக்கத்தில்தான் தேங்காய்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தட்டு கீழே விழுந்த சத்தம் கண்மாய்க் கரை வரைக்கும் கேட்டது. பூசாரி பற்றிக்கொண்டு, இருபது வருடத்தில் ஒருநாளும் தனக்கு அருள் வந்ததில்லை, சும்மாதான் ஆடினேன் என்றார். ஊர் பிறகு கூடிப் பேசி, ஆட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆகவே அவரே ஆடட்டும் என்று முடிவு செய்தது. ஆடு மாடு எத்தனை உரசினாலும் ஒன்றும் ஆகவில்லை. குழந்தைகளுக்கும் ஆகவில்லை. ஒரு தடவை பற்றியவர்கள் மறுபடி உரசினாலும் பற்றவில்லை. சொல்லாமல் ஒன்றைத் தலைக்குள் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் பற்றுகிறது என்பது புதன் சாயங்காலம் எல்லோருக்கும் புரிந்துபோனது. அன்றைக்கே நாற்பத்திரண்டு பேர் அவசர வேலை என்று மல்லாங்கிணற்றுக்கும் மதுரைக்கும் பஸ் ஏறினார்கள்.

தங்கலட்சுமி பஸ் ஏறவில்லை. ஏறினால் ஏன் ஏறினாள் என்று கேட்பார்கள். அவள் தலைக்குள் இருந்தது சின்னது அல்ல. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மாசி மாத வெள்ளிக்கிழமை, ஆபீசுக்குத் தண்ணீர் லாரி வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மத்தியானம் இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்று போன் வந்தது. சிவப்பு ரூம் தரை முழுக்கப் பொடி. ஈரத் துணிக்குத் தண்ணீர் இல்லாததால் தங்கலட்சுமி விளக்குமாற்றை எடுத்தாள், காய்ந்த தரையைத் தானே மெதுவாகக் கூட்டினாள், கூட்டி முடித்த விளக்குமாற்றை உள்ளே வைக்கப் பயந்து வெளியே கொண்டுபோனாள். வெயிலுக்கு ஒதுங்கி நடந்தவள் அதை வெள்ளை ரூம் வாசலில் சாய்த்துவிட்டு வந்துவிட்டாள். எடுக்கத் திரும்பும்போது இன்ஸ்பெக்ஷன் ஜீப் உள்ளே நுழைந்தது, அதில் மறந்துபோனாள். வெள்ளை ரூமில் மருந்து கலக்கும் வீரணன் தன் வாசலில் இருந்த விளக்குமாறு தன்னுடையதுதான் என்று எடுத்துக் கூட்டினான். கூரை ஆகாயத்துக்குப் போனது. வீரணனை ஒரு போர்வையில் அள்ளினார்கள். வேப்பமரத்தில் அவன் கழற்றி மாட்டியிருந்த சட்டையில் அரைக்கட்டு பீடி இருந்தது. விசாரணையில் பீடி என்று எழுதினார்கள். எழுதும்போது தங்கலட்சுமி பக்கத்தில்தான் நின்றாள்.

வீரணனின் மனைவி பேச்சி இதே ஊரில், தங்கலட்சுமி வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் இருக்கிறாள். பதினோரு வருடமாக அவளுக்குப் பெயர் பீடிக்காரன் பொண்டாட்டி. குழாயடியில் குடம் இடித்தால்கூட, "ஊரைக் கொளுத்தின வீட்டுக்காரி" என்றுதான் ஆரம்பிப்பார்கள். "ஆபீசுக்குள்ள அவுக ஒருநாளும் பத்தவைக்க மாட்டாக. அதுக்குத்தான் சட்டையக் கழத்தி மரத்துல போட்டுட்டுப் போவாக" என்று ஆரம்பத்தில் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவள் வீட்டில் தீக்குச்சி உரசியதில்லை. காஸ் அடுப்புக்கு லைட்டர் வைத்துக்கொண்டாள். வீரணன் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு உண்டு. எண்ணெய் ஊற்றித் திரி போட்டுத் தயாராக இருக்கும், ஏற்ற மாட்டாள். தங்கலட்சுமி விசேஷம் தவறாமல் அந்த வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவாள். "மதினிக்கு என்னமோ எம்மேல ஒரு பிரியம்" என்று பேச்சி சொல்வதை ஒரு தடவை வாசலில் நின்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து சோற்றுப் பானைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அழுதாளே தவிர, சொல்லவில்லை.

வியாழக்கிழமை கமிட்டி கூடியது. வெள்ளி சாயங்காலம் முளைப்பாரி அந்த முடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். நூற்றிருபது பெண்கள், ஒவ்வொருத்தி தலையிலும் ஒரு பானை, இரண்டு பக்கமும் இடிக்கும். வெள்ளி காலையிலேயே சிவப்புப் பட்டையைச் சுரண்டி எடுத்துவிடுவது என்று முடிவானது. எப்படி என்று தங்கலட்சுமியிடம் கேட்டார்கள். தண்ணீரைப் பீய்ச்சிச் சுவரை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், மரத்துண்டால் சுரண்ட வேண்டும், விழுவதை ஈர மணலில் வாங்கி மூடியுள்ள டிரம்மில் தண்ணீரோடு வைத்துத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கு நெஞ்சு லேசானது. சுவர் போய்விட்டால் இனி யாரும் உரச வேண்டியதில்லை. அவள் கணவன் பாண்டீஸ்வரன், "பொங்கலுக்கு ஓந்தலையும் ஒரு தரம் எரியுதான்னு பாப்பமா?" என்று கேலி செய்தான். கரண்டியை அவன் மேல் எறிந்தாள். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருடத்தில் அவள் எதையும் எறிந்ததில்லை. அவன் அன்று முழுக்கத் திண்டாடிப்போய் மாட்டுக்கொட்டத்திலேயே இருந்தான்.

வெள்ளி காலை ஏழு மணிக்கு மண்வெட்டி, மரப்பலகை, மணல் எல்லாம் வந்துவிட்டது. தண்ணீர் லாரி வரவில்லை. எட்டாகியும் வரவில்லை. ஒன்பதுக்கு போன் செய்தால், ஆக்சில் உடைந்து பாளையம்பட்டியில் நிற்கிறது என்றார்கள். ஊர்க் கண்மாய் தையிலேயே வற்றிப்போயிருந்தது. சங்கையா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஏத்தா தங்கலட்சுமி, தண்ணிக்கு எங்க போறது? மெள்ளமாச் சொரண்டுனா என்ன ஆயிரப் போகுது? காஞ்சாப்லயே எடுத்துருவோம்."

இதே நினைப்பைத் தங்கலட்சுமி பதினோரு வருடத்துக்கு முன்னால் நினைத்திருந்தாள், வார்த்தைகூட மாறவில்லை. மெதுவாகக் கூட்டினால் என்ன ஆகிவிடப் போகிறது.

"வேணாம் மாமா" என்றாள். "காஞ்சதத் தொட்டா ஆளு மிஞ்ச மாட்டாக."

"நாழி ஆகுதுல்ல?"

"முளைப்பாரி நிண்டாலும் நிக்கட்டும். காஞ்சதத் தொட விடமாட்டேன்."

அப்போதுதான் பேச்சி வந்தாள். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். வாரத்துக்கு ஒருமுறை வருகிற குழாய்த் தண்ணீரைப் பதினாறு குடத்தில் பிடித்து வைத்திருந்தாளாம், அத்தனையும் தருகிறேன் என்றாள். யாரும் கேட்கவில்லை. பீடிக்காரன் பொண்டாட்டி எதற்கு வந்தாள் என்று ஒருவர் முணுமுணுத்தார். அவள் காதில் வாங்காமல் குடத்தை இறக்கினாள். எட்டாவது நடையில் கடைசி இரண்டு குடத்தையும் இறக்கியபோது மூச்சு வாங்கியது. மதிலில் அந்த இடத்தில் சாக்கு விலகியிருப்பதைப் பாராமல், அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். முதுகு, தோள், தலை எல்லாம் ஈரல் நிறத்தில் நன்றாகப் பதிந்தது. ஊர் ஐயோ என்றது. ஒன்றும் ஆகவில்லை. அவள் அங்கேயே தலையை இரண்டு பக்கமும் தேய்த்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

"என்ன மதினி அப்பிடிப் பாக்கிறிய?" என்றாள் பேச்சி. "எந்தலையில என்ன இருக்கு பத்துறதுக்கு? எனக்குத் தெரிஞ்சத நாந்தான் அன்னைக்கே எல்லார்ட்டயும் சொல்லிட்டனே."

தங்கலட்சுமி ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். வளையலைக் கழற்றி மணல் மேல் வைத்தாள். பத்தொன்பது வருடப் பழக்கம், அது பாட்டுக்கு நடந்தது. கூட்டத்தைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னாள். பிறகு பேச்சி சாய்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், காய்ந்து கிடந்த பட்டையில் தன் தலையை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். மற்றவர்களுக்கு ஒரு சாண் எரிந்தது என்றால் அவளுக்கு ஒரு முழம் எரிந்தது. பட்டப்பகலில் அந்தச் சுடரின் வெளிச்சம் ரேஷன் கடைச் சுவரில் விழுந்தது. தண்ணீர் இல்லாத அந்த வெள்ளிக்கிழமை, விளக்குமாறு, வாசல், ஜீப், பீடி என்று எழுதும்போது தான் நின்றிருந்த இடம், எல்லாம் வரிசையாக வெளியே வந்தது. சொல்லும்போது அவள் பேச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்தாள். சுடர் அணையவில்லை.

பேச்சி கடைசிக் குடத்தைத் தூக்கினாள். குடத்துத் தண்ணீர் முழுவதையும் தங்கலட்சுமி தலையில் கவிழ்த்தாள். சேலை நனைந்தது, முகம் நனைந்தது, சுடர் மட்டும் அப்படியே நின்றது. பேச்சி வெறும் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வீரணன் செத்த அன்றைக்குப் பிறகு, பதினோரு வருடமாக அந்தத் தெருவில் பகலில் யாரும் கதவு சாத்தியதில்லை. பதினைந்து குடத்துத் தண்ணீரில் சுவரை நனைத்து நனைத்துச் சுரண்டி முடிக்கப் பிற்பகல் மூன்றாகிவிட்டது. தங்கலட்சுமிதான் தூரத்தில் நின்று, எரிந்துகொண்டே, எங்கே ஈரம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முளைப்பாரி ஐந்து மணிக்குப் போனது.

அதன்பிறகு அது அணையவே இல்லை. எண்ணெய், ஷாம்பு, ஆடிக் காற்று, ஐப்பசி அடைமழை எதற்கும் அசையவில்லை. தலையணை கருகுவதில்லை, தொட்டால் சுடுவதில்லை, ஆனால் வேண்டுமென்று எதையாவது காட்டினால் பற்றும். பாண்டீஸ்வரன் ஒரு மாதம் பேசவில்லை, பிறகு வெளிச்சத்தில் பேப்பர் படிக்க அவள் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தான். பஸ்ஸில் கண்டக்டர் ஜன்னலோர சீட்டைக் கொடுத்துவிடுவார். பெட்ரோல் பங்க் வரும்போது மட்டும் இறங்கித் தள்ளி நடந்து வந்து ஏறிக்கொள்வாள். தன் வாயால் சொன்னதை எழுதி எடுத்துக்கொண்டு விருதுநகருக்கு நாலு தடவை போனாள். மனுவை வாங்கினார்கள், பைல் பக்கத்தில் வர வேண்டாம், வெளியே மரத்தடியில் நில்லுங்கள் என்றார்கள். ஐந்தாவது தடவையில் பழைய விசாரணைத் தாளில் பீடி என்ற இடத்தைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் அவள் பெயரை எழுதினார்கள். வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்கு அவள் போகிற நாட்களில் கோர்ட்டில் லைட் போடுவதில்லை என்று கேலி பேசுகிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். பீடிக்காரன் பொண்டாட்டி என்று மட்டும் இப்போது யாரும் சொல்வதில்லை.

பேச்சி ஒன்பது மாதம் முகம் கொடுக்கவில்லை. தங்கலட்சுமியும் பலகாரம் அனுப்புவதை நிறுத்திவிட்டாள். தை அமாவாசையன்று காலையில், தங்கலட்சுமி வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருக்கையில், மூன்றாவது வீட்டுக் கதவு திறந்தது. பேச்சி குளித்துத் தலைமுடியைத் துண்டில் சுற்றியிருந்தாள். கையில் அந்த விளக்கு, எண்ணெய் ஊற்றித் திரி போட்டது. நேராக வந்து முன்னால் நின்றாள். தெருவில் இருந்த அத்தனை பேரும் கையில் இருந்த வேலையை நிறுத்தினார்கள்.

"தலையக் குனிங்க மதினி" என்றாள்.

தங்கலட்சுமி முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். திரி பற்றிக்கொண்டது. பேச்சி காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு விளக்கோடு வீட்டுக்குள் போனாள். அன்றிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் வருகிறாள்.